டாக்டர் டோபியாஸின் எண்கள்

எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் விசாரித்துப் பார்ப்பவன் நான்தான். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிய சமயம் ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டேன். அதுவரை என் மனைவி டோரீன் அழுக்கு மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு கடைத்தெரு சலவைக் கூடத்துக்குப் போய்வந்தாள். "இந்தக் கெழவன் ஒரு மெஷினைப் பொறுக்கி எடுக்குறதுக்குள்ள நம்ம துணியெல்லாம் நைஞ்சு போயிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த இயந்திரம் இன்றைக்கும் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறது. வீட்டைச் சோதனை போட்டபோது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

விசாரணையைத் தொடங்குமுன், பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று வாசித்துக் காட்டினீர்கள். நன்றி. ஆனால் எனக்குப் பேசுவதில் தடை ஒன்றும் இல்லை. எதையும் ஒழுங்காகச் சொன்னால் கேட்பவருக்குப் புரியும் என்பது என் அனுபவம்.

நான் வேலை செய்தது டிராக்டர் கம்பெனியில். விற்பனையாளர்கள் உத்தரவாதத்தின் பேரில் அனுப்பும் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இந்தக் கியர்பெட்டி உடைந்துவிட்டது, அந்தப் பம்பு ஒழுகுகிறது, புதியது மாற்றினோம், பணம் தாருங்கள் என்பார்கள். யார் உண்மை, யார் பொய் என்று மேசையை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன். எல்லோருடைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், திருடுபவனின் எண் மட்டும் வேலிக்கு மேலே தலை நீட்டும். இண்டியானா எல்லையில் ஒரு விற்பனையாளர் இருந்தார். அவருடைய கியர்பெட்டிக் கோரிக்கைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு. எங்கள் பக்கத்து நிலம் கல் நிலம் ஐயா, நேரில் வந்து பாருங்கள் என்று கடிதம் எழுதினார். நான் போகவில்லை. கம்பெனி அவரை நீக்கியது. அவர் கடையை மூடினார். அவருக்குப் பிறகு வந்தவரின் கோரிக்கைகளும் ஏறத்தாழ அதே அளவுதான் இருந்தன என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன்.

டோரீனுக்கு வந்தது இரத்தப் புற்றுநோயில் மெதுவாக நகரும் வகை. எங்கள் ஊரான ஆஷ்பி க்ரீக்கிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் அதற்கு ஒரே டாக்டர், கோரின் டோபியாஸ். ஐம்பது வயதிருக்கும். முடியைக் கட்டையாக வெட்டியிருப்பாள், காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. முதல் நாளே டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தினமும் ஒரு மாத்திரை, டோரீன். அவ்வளவுதான். இதை விடாம போட்டுக்கிட்டா இந்த வியாதி தூங்கிட்டே இருக்கும். தொண்ணூறு வயசுல வேற ஏதாவது வந்துதான் நீங்க போகணும்."

"தொண்ணூறு வரைக்கும் இந்த ஆளோட குடித்தனம் நடத்தணுமா?" என்றாள் டோரீன். "அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் புன்னகைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய மாத்திரை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று நான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அந்த வகையிலேயே டோரீனின் நோய் கொஞ்சம் முரட்டு ரகம், புதிய மாத்திரைதான் சரியாக இருக்கும் என்றாள் டாக்டர். டோரீன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "டாக்டருக்குத் தெரியாதா?" என்றாள். நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் "லைல், நீ என்ன சொல்றே?" என்பதுதான் கடைசி வார்த்தையாக இருந்தது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வாரமே கணினி முன் உட்கார்ந்தேன். அரசாங்கம் எல்லாவற்றையும் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதியோர் காப்பீட்டுக்கு ஒவ்வொரு டாக்டரும் எவ்வளவு பில் போட்டார், எவ்வளவு வாங்கினார், எந்த மருந்தை எத்தனை தடவை எழுதினார், எல்லாம் பெயரோடு இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தன என்பதற்குத் தனியாக ஒரு தளம். ஒரு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால்கூட அதில் ஏறிவிடும். எண்கள் கொஞ்சம் பழையவை, இரண்டு வருடம் பின்தங்கியிருக்கும். அது ஒரு பெரிய குறை அல்ல. மனிதர்கள் இரண்டு வருடத்தில் மாறுவதில்லை.

எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் அதே துறையில் இருக்கும் டாக்டர்கள் எல்லோரையும் வரிசைப்படுத்தினேன். டோபியாஸ் வேலிக்கு மேலே தலை நீட்டினாள். கிளீவ்லேண்ட் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர்களைவிட அவளுடைய பில் பல மடங்கு. கம்பெனிகளிடமிருந்து வந்த பணமும் அப்படித்தான். அதில் அதிகம் கொடுத்தது டோரீனின் மாத்திரையைத் தயாரிக்கும் கம்பெனி.

எடுத்த எடுப்பில் நான் முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அச்செடுத்த தாள்களை அவள் மேசையில் வைத்தேன். டோரீன் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, லைல். இங்கேயுமா?"

டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள்.

"கேக்குறது நல்லதுதான், மிஸ்டர் ஹோஸ்டெட்லர். கேக்கணும்னுதானே இதையெல்லாம் வெளியிடுறாங்க. கிளீவ்லேண்ட்ல ஊசி மருந்தோட விலை ஆஸ்பத்திரி கணக்குல போயிரும், டாக்டர் பேர்ல வராது. இங்க மருந்தை நாங்களே வாங்கி ஏத்துறோம். அதனால எல்லாம் என் தலையிலதான் ஏறும். சுத்துப்பட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன் வேற."

"கம்பெனி பணம்?"

"அது ஆய்வுக்கு வந்தது. நர்ஸ் சம்பளம், பரிசோதனைச் செலவு. என் பைக்கு வரல. கீழே தனித் தலைப்புல இருக்கும் பாருங்க. எனக்குன்னு வந்தது சாண்ட்விச்தான். அதுவும் காய்ஞ்சுபோன ஹாம்."

டோரீன் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

காரில் திரும்பும்போது நான் சொன்னேன், இவ்வளவு தயாராகப் பதில் சொல்கிறவள் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் என்று. தப்புச் செய்யாதவர்களுக்கு நாக்குக் குழறும். கம்பெனியில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். வேறு டாக்டரிடம் போகலாம் என்றேன். டோரீன் ஜன்னலுக்கு வெளியே சோளக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மெஷினை நீ பொறுக்கி எடு, லைல். நாய்க்குட்டியையும் நீயே பொறுக்கினே, நான் ஒண்ணும் சொல்லல. என் டாக்டரை விட்டுரு. அவ கையப் புடிச்சா எனக்குப் பயம் போகுது."



அந்தத் தனித் தலைப்பைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். என் மகள் பெக்காவும் கேட்டாள். கொலம்பஸிலிருந்து டோரீனின் அடக்கத்துக்கு வந்தவள் என் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இங்க 'ஆய்வு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, நீங்க படிக்கலையா?" என்றாள். படித்தேன். டாக்டர் சொல்வதற்கு முன்பே படித்திருந்தேன். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சில மதியச் சாப்பாடுகள் மட்டும்தான். அப்போது அவள் மற்றவர்களோடு கலந்துவிடுவாள், தனியாகத் தெரிய மாட்டாள். ஆகவே இரண்டையும் கூட்டித்தான் வைத்திருந்தேன்.

மாத்திரை டோரீனை வாட்டியது உண்மை. கண் இமைகள் வீங்கின. காலில் தசை பிடித்து அலறுவாள். குமட்டலில் காபி வாசனையே ஆகாது. அவளுக்குக் கை விரல் மூட்டுகள் எல்லாம் வாதத்தால் முறுக்கிக்கொண்டவை. மருந்துப் புட்டியின் மூடியை அவளால் திறக்க முடியாது. நான்தான் தினமும் காலையில் திறந்து ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவள் பார்க்கக்கூட மாட்டாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்வாள்.

கடைத்தெரு மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரை ஒன்று கிடைக்கிறது. நிறமும் அளவும் ஏறக்குறைய அதே போல. அந்த வசந்தகாலத்திலிருந்து அதைக் கொடுக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

நான் முரடன் அல்ல. அவளைத் திட்டியதில்லை, கை நீட்டியதில்லை. ஒரு மருந்து தேவைதானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதை நிறுத்திப் பார்ப்பது. டாக்டரிடம் சொன்னால் நிறுத்தியிருக்க மாட்டாள். டோரீனிடம் சொன்னால் டாக்டரிடம் சொல்லியிருப்பாள். வேறு வழி இருக்கவில்லை.

பலன் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. இரண்டே வாரத்தில் இமை வீக்கம் வடிந்தது. டோரீன் மறுபடியும் காபி குடித்தாள். அந்தக் கோடையில் சர்ச் விருந்துக்கு ருபார்ப் தண்டு வைத்த பை பலகாரம் சுட்டு எடுத்துப்போனாள். மாவட்டச் சந்தையில் ராட்டினம் ஏறியே தீருவேன் என்று அடம் பிடித்து ஏறினாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மேலிருந்து கத்தினாள்: "லைல்! உன் வழுக்கை இங்கேருந்து தக்காளிப் பழமாட்டம் தெரியுது!" கீழே வரிசையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது. இதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

"பாத்தீங்களா, உடம்பு மாத்திரைக்குப் பழகிருச்சு" என்றாள் டாக்டர், டோரீனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள். நன்றி முழுவதும் அங்கே போனது.

இலையுதிர் காலத்தில் இரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் ஏறியது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். சில சமயம் நோய் மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொள்ளும் என்றாள். வேறொரு மாத்திரை எழுதினாள், இன்னும் விலை கூடியது. வீட்டுக்கு வந்து அதைத் தயாரிக்கும் கம்பெனியைத் தேடினேன். அந்தக் கம்பெனியும் அவளுடைய மருத்துவமனைக்குப் பணம் கொடுத்திருந்தது. சந்தேகம் இருந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்தது. ஒன்று பலிக்கவில்லையா, அதைவிட விலை உயர்ந்தது. அதுவும் பலிக்கவில்லையா, அதற்கும் மேலே. நான் எதிர்பார்த்த வழியிலேயே அவள் போய்க்கொண்டிருந்தாள். புதிய மாத்திரை வெள்ளை. வெள்ளை நிறத்தில் எது வேண்டுமானாலும் கிடைக்கும்.

முதல் மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும் அல்லவா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாதே. தெரியாமல் அவள் எதை எழுதுகிறாள் என்பதுதானே பரீட்சை.

குளிர்காலத்தில் டோரீன் மெலிந்தாள். இடது விலா எலும்புக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றாள். மண்ணீரல் வீங்கியிருந்தது. இரவில் வியர்த்து உடுப்பு நனைந்துவிடும், எழுந்து மாற்றிவிடுவேன். சூப் வைத்து ஊட்டினேன். சர்ச் பாடகர் குழுவிலிருந்து அவளுடைய தோழிகள் சட்டி நிறைய நூடுல்ஸும் கோழியும் சமைத்து எடுத்து வந்தார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒரு புருஷன் எல்லாருக்கும் அமையாது" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

பனி உருகும் சமயத்தில் டாக்டர் ஏதேதோ பரிசோதனைகள் செய்தாள். நோய் மருந்தை ஏமாற்றக் கற்றிருந்தால் அதற்கு ஓர் அடையாளம் இருக்க வேண்டுமாம், அது இல்லை. பிறகு இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அனுப்பினாள். பதில் வந்த அன்று டோரீனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். நான் வெளியே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் டோரீனின் குரல் உயர்வதைக் கேட்டேன். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அரிது.

வெளியே வந்தபோது முகம் சிவந்து கிடந்தது. காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"என்ன கேக்குறா தெரியுமா? மாத்திரைய முழுங்குறேனா, இல்ல தொட்டியில துப்புறேனான்னு. என் ரத்தத்துல மருந்தே இல்லையாம். ஒரு துளி இல்லையாம்."

"நீ என்ன சொன்னே?"

"என் புருஷன் தினமும் காலையில கையில எடுத்து வைக்கிறார், நான் முழுங்குறதைக் கண்ணால பாக்குறார்னு சொன்னேன். அதுக்கு அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் மெல்ல, 'டோரீன், அவர் எந்தப் புட்டியிலேருந்து எடுக்குறார்னு பாத்திருக்கீங்களா'ங்கிறா." டோரீன் கார்க் கதவை இழுத்துச் சாத்தினாள். "அப்பதான் எனக்குக் கோபம் வந்துருச்சு. நாப்பது வருஷம் என்கூட இருக்குற மனுஷனைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசாதேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், லைல். வேற டாக்டரைப் பாரு. நீயே பாரு."

என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

வேறு டாக்டரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். டெய்டன் பக்கம் ஒருவர். அவருடைய எண்கள் மிகச் சுத்தம். பில் குறைவு, கம்பெனி பணம் ஒரு காசு இல்லை. வயதானவர், நோயாளிகளை அதிகம் பார்ப்பதில்லை. அதனால்கூட எண்கள் சுத்தமாக இருந்திருக்கலாம். சந்திக்க நேரம் கிடைப்பதற்கு வெகு நாள் ஆகும் என்றார்கள். காத்திருக்கிறோம் என்றேன். காத்திருந்த காலத்தில் நோய் விழித்துக்கொண்டது. ஜூன் மாதம் ஆம்புலன்சில் கொண்டு போனோம். உங்களுக்கு மற்றது தெரியும். பழைய இரத்த மாதிரியை டாக்டர் டோபியாஸ் பத்திரமாக வைத்திருந்தாள் என்பதும், உங்களை அழைத்தது அவள்தான் என்பதும் எனக்கு நேற்றுதான் தெரிந்தது. கவனமான பெண்மணி.

இதுவரை சொன்னதை வைத்து, பாவம், எண்களை நம்பி ஏமாந்துபோன ஒரு கிழவன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் முகத்தில் தெரிகிறது. என் வக்கீலும் அப்படித்தான் சொல்லப் போகிறார். நல்ல நோக்கம், தவறான கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கராஜ் அலமாரியில் உண்மையான மாத்திரைகள் எல்லாம் அப்படியே ஏன் இருந்தன என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

டோரீன் கோபித்துக்கொண்டு வந்த அன்று மாலை டாக்டர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். டோரீன் படுத்திருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"மிஸ்டர் ஹோஸ்டெட்லர், நான் யாரையும் குத்தம் சொல்லல. யாரு, ஏன், எதையும் கேக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நோய் இன்னும் மருந்துக்குக் கட்டுப்படுற நிலையிலதான் இருக்கு. மருந்து உள்ள போகல, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில சரியான மாத்திரையைக் கொடுத்தா, வாரக்கணக்குல எண் இறங்கிரும். எங்கிட்ட வர வேண்டாம். என்னைப் பிடிக்கலன்னா பரவாயில்ல. மாத்திரையை மட்டும் கொடுத்திருங்க. கொடுப்பீங்களா?"

"அழைத்ததற்கு நன்றி" என்றேன்.

"மிஸ்டர் ஹோஸ்டெட்லர், அவங்க பிழைச்சுக்குவாங்க. தயவுசெஞ்சு."

அவள் குரல் உடைந்திருந்தது. காசுக்காகப் பேசுபவள் அப்படிப் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கும் வெகு நாள் முன்பிருந்தே தெரியும் என்று சொன்னாலும் தப்பில்லை.

மறுநாள் காலை கராஜுக்குப் போய் உண்மையான புட்டியைத் திறந்தேன். ஒரு மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். டோரீன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். வெளியே பறவைத் தீனி தொங்கும் கிளையில் இரண்டு கார்டினல் பறவைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடி என் பக்கம் கையை நீட்டினாள்.

"பொட்டை ஜெயிக்குது பாரு, லைல்" என்றாள்.

அவள் அவ்வளவு இளைத்திருந்தும் என்னோடுதான் பேசினாள். டாக்டரின் பெயரை எடுக்கவில்லை. என்னைத்தான் நம்பினாள், என்னை மட்டும். வெகு காலத்துக்குப் பிறகு வீடு பழையபடி இருந்தது. அந்த மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் எழுந்து நடப்பாள். ஏன் திடீரென்று சரியானது என்று யோசிப்பாள். டாக்டரிடம் திரும்பிப் போவாள்.

அவள் கையில் வைட்டமினை வைத்தேன். "தேங்க்ஸ், கெழவா" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

உண்மையான மாத்திரையைக் கொடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் கொடுக்கவில்லை.